ஒரு லிட்டர் குக்கர்

ஏனுங்க,
உங்களைத்தானுங்க.
உங்க பேரு தெரியலீங்க, ஊரும் தெரியலீங்க.
எம்பேரு பூபதின்னும்
சோமனூர்ல பன்னெண்டு தறி கூலிக்கு ஓட்டுறேன்னும்
உங்களுக்குச் சொல்லத் தேவையில்லீங்க.

தறிச் சத்தத்துலயே தூங்கிப் பழகுனவனுக்குக்
கரண்டு போனாத்தான் முழிப்பு வரும்.
அப்படி முழிச்ச ஒரு ராத்திரி, ரெண்டே கால் மணி,
இருட்டுல, வேர்வைக் கையோட,
முடி கொட்டறதுக்கு என்ன மருந்துன்னு
மொத மொதல்ல உங்ககிட்டத்தான் கேட்டேன்.
கூட்டாளிககிட்டக்கூட கேட்டதில்லீங்க.
வெடியறதுக்குள்ள வெங்காயத் தைலம் வந்து நின்னுது,
கூப்பிடாத ஒறம்பரையாட்ட.

அப்பறம் பழகிப் போச்சுங்க.
செவ்வாய் தோசம், ஏழாமிடத்துச் சனி,
பாலக்காட்டுப் பக்கம் பொண்ணு காட்டற புரோக்கரு நம்பர்,
மறுகல்யாணமா இருந்தாலும் பரவால்லைங்கற ஊடு,
எல்லாம் உங்ககிட்டத்தான்.
நீங்களும் சளைக்கலீங்க.
பட்டுச் சேலை, மாப்பிள்ளைச் செருப்பு,
ஆடி மாசத்துலகூட மண்டபத்துக்குத் தள்ளுபடி.

கொடுமுடிக்குப் போனது ஒருத்தருக்கும் தெரியாதுங்க.
ஈரோட்டுல நூல் விசாரிக்கப் போறேன்னு சொல்லிட்டு
காவேரியில முங்கி, வன்னி மரத்தைச் சுத்தி,
ஈரத் துண்டை வண்டிப் பொட்டியிலயே காயவெச்சு
பொழுதோட ஊடு வந்துட்டேன்.
போனை எடுத்துச் சார்ஜுல போட்ட எங்கம்மா
சத்தமாப் படிச்சுது:
"கொடுமுடி எப்படி இருந்தது? நட்சத்திரம் இடுங்கள்."
கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு
மறுக்காவும் படிச்சுது.
நூலு என்ன வெலைன்னு கேக்கவே இல்லீங்க.
ராத்திரி சோத்துக்கு ரெண்டு தடவ ரசம் ஊத்துச்சு.

தறியிலயும் மீட்டர் உண்டுங்க.
எத்தன ஊடை ஓடுச்சுன்னு எண்ணும்.
எதுக்கு எண்ணுதுன்னு எனக்குத் தெரியும்,
சனிக்கிழமைக் கூலி அதை வெச்சுத்தான்.
நூல் அந்தா அது நின்னுக்கும்.
நீங்க நிக்கறதே இல்லீங்களே.

போன ஐப்பசியில நாப்பத்திரண்டு முடிஞ்சுதுங்க.
மக்காநாள்ல இருந்து பட்டுச் சேலை வரலை.
மண்டபம் வரலை.
மூட்டு வலித் தைலம் வந்துது.
அப்பறம் அந்தக் குக்கர்.
ஒரு லிட்டர். ஒரு ஆளு, ஒரு விசிலு.
ஒறம்பரைக உதட்டுலயே நின்னதை,
புரோக்கரு நாலு வருசமா மென்னு முழுங்குனதை
நீங்க படத்தோட போட்டுட்டீங்க, இலவச டெலிவரின்னு.
நான் இன்னும் முடிவு பண்ணலீங்க.
எனக்கு முந்தி நீங்க எப்பிடீங்க?

வந்த கோவத்துல ஒரு பொய் சொன்னேன்.
ரெண்டு மாசக் கொழந்தைக்குத் தொட்டில்னு தட்டி விட்டேன்.
நம்பிட்டீங்க!
தேக்குத் தொட்டில், தூளிக் கம்பி,
கிலுகிலுப்பை, மஞ்சக் கலர்ல ஒரு குல்லா,
சளி புடிச்சா எப்பிடித் தோள்ல போடறதுன்னு ஒரு வீடியோ.
உங்களை ஏமாத்தத்தானுங்க ஆரம்பிச்சது.
மூணாம் நாளு ஒரு சிப்டு முழுக்க
ஒவ்வொண்ணாப் பார்த்துட்டிருந்தேன்.
தூளிக் கம்பி எத்தன கிலோ தாங்கும்னு
தேடித் தேடிப் படிச்சேன்.
குல்லாயைக் கூடையில போட்டுப் பார்த்தேன்.
எடுக்கத் தோணலை.
உங்க கணக்குல எட்டு நாளு நான் அப்பனுங்க.

ஒம்பதாம் நாளு சேதி அனுப்புனீங்க:
"கூடையில் ஒரு பொருளை மறந்துவிட்டீர்கள்."

மறக்கலீங்க.

இருங்க,
ஏழாந் தறி நின்னுருச்சு.
பாவு அந்துருக்கும்.
முடிஞ்சு போட்டுட்டு வர்றேன்.